மேமோகிராமில் மாற்றம் தெரிந்தால்: முதலில் ஊசி, பிறகே கத்தி

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மார்பக நலன் குறித்து இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுத்தாயிற்று, அறிக்கையில் ஏதோ மாற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள், இனி என்ன செய்வது என்பதுதான் அது. அவற்றுள் ஐந்து கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. உங்கள் மருத்துவரிடம் எதை, எப்படிக் கேட்பது என்பது தெளிவாக வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதில்கள். உங்களையும் உங்கள் படங்களையும் நேரில் பார்ப்பவர் சொல்வதே இறுதியானது.

கேள்வி: எனக்கு வயது 47. பள்ளி ஆசிரியை. மார்பில் வலியோ கட்டியோ இல்லை. முழு உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாக மேமோகிராம் எடுத்தபோது, இடது மார்பகத்தில் நுண்ணிய கால்சியம் படிவுகள் ஓரிடத்தில் கூட்டமாகத் தெரிவதாகவும், ‘பைராட்ஸ் 4ஏ, பயாப்ஸி தேவை’ என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசி குத்தினால் இல்லாத நோயும் பரவிவிடும் என்கிறார் என் நாத்தனார். எங்கள் ஊர் அறுவை சிகிச்சை மருத்துவர், “ஊசியெல்லாம் எதற்கு, அந்த இடத்தை எடுத்துவிட்டால் ஒரே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்” என்கிறார். மூன்று மாதம் கழித்து இன்னொரு மேமோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது என் கணவரின் யோசனை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கால்சியம் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பதைத்தான் கேட்க வேண்டும். உங்களுக்குத் தேவை பயாப்ஸி, அதாவது அந்த இடத்திலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது. அதுவும் ஊசி வழியாகச் செய்யும் பயாப்ஸி. அதற்கு முன் கத்தி வேண்டாம், மூன்று மாதக் காத்திருப்பும் வேண்டாம்.

முதலில் அந்த ‘4ஏ’ என்பதைப் பார்ப்போம். பைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த, இன்று உலகெங்கும் மேமோகிராம் அறிக்கைகளில் பயன்படுகிற ஒரு வரிசை. அது 0 முதல் 6 வரை செல்கிறது. 1 என்றால் ஒன்றுமில்லை; 2 என்றால் இருப்பது தீங்கற்றது; 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது; 4 என்றால் சந்தேகத்துக்கு இடமுள்ளது; 5 என்றால் புற்றுநோயாக இருக்க மிகுந்த வாய்ப்புள்ளது; 6 என்பது திசுப் பரிசோதனையில் ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு மட்டும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “நான்காம் நிலை என்று போட்டிருக்கிறார்களே” என்று கண்ணீரோடு வந்து உட்காரும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். புற்றுநோயின் நிலைக்கும் இந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோய் இருக்கிறதா என்பதே தெரியாத கட்டத்தில், படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதை மட்டுமே இது சொல்கிறது. நான்காம் வகையையும் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல், 10 விழுக்காடு வரை. 4பி என்றால் 10க்கு மேல் 50 வரை. 4சி என்றால் 50க்கு மேல் 95க்குள். அதாவது உங்களைப் போல் 4ஏ என்று அறிக்கை வாங்கிய நூறு பெண்களுக்குப் பயாப்ஸி செய்தால், ஏறத்தாழ தொண்ணூறு பேருக்கோ அதற்கும் மேற்பட்டவர்களுக்கோ புற்றுநோய் இல்லை என்றுதான் முடிவு வரும். மீதமுள்ள சிலரில் நீங்களும் ஒருவரா என்பதைப் படம் சொல்லாது. திசு மட்டுமே சொல்லும்.

படத்தில் தெரியும் அந்த வெண்புள்ளிகளுக்கும் நீங்கள் சாப்பிட்ட மாத்திரைக்கும், குடித்த பாலுக்கும், வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புக்கும் சம்பந்தமே இல்லை. மார்பகத் திசுவில் நடக்கும் மாற்றங்களால் அந்தந்த இடத்தில் படிகிற துகள்கள் அவை. வயது கூடக் கூடப் பல பெண்களுக்குத் தீங்கில்லாமலே இவை தோன்றும். ஆனால் மிக நுண்ணியவையாக, வடிவம் ஒழுங்கற்று, ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்தால், பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிற தொடக்கநிலைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அவை இருக்கக்கூடும். கைக்குத் தட்டுப்படும் முன்பே, ஏறக்குறைய முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய கட்டத்திலேயே அதைக் காட்டிக்கொடுப்பதால்தான் மேமோகிராமுக்கு மதிப்பு. கால்சியம் மாத்திரையை உங்கள் எலும்புக்காக மருத்துவர் கொடுத்திருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள்.

இப்போது உங்கள் ஊர் மருத்துவர் சொன்னதற்கு வருகிறேன். சக மருத்துவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: என்னவென்று தெரியாமல் அந்த இடத்தை வெட்டி எடுப்பது சரியான முதல் நடவடிக்கை அல்ல. உங்களுக்கு இருப்பது கையில் தட்டுப்படாத புள்ளிக்கூட்டம். கத்தி வைப்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. வெட்டி எடுத்த துண்டில் அது வந்ததா, உள்ளேயே தங்கிவிட்டதா என்பதும் தெரியாது. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தால், தேவையில்லாத ஒரு தழும்பு மிஞ்சும். புற்றுநோய் என்று வந்துவிட்டாலோ நிலைமை இன்னும் சிக்கலாகும். நோயை அறிந்து செய்யும் அறுவை சிகிச்சையில், கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் ஓரளவு சேர்ந்து வரும்படி திட்டமிட்டு எடுப்பார்கள். தேவைப்பட்டால் அக்குளின் முதல் நிணநீர்க் கணுவையும் அதே வேளையில் சோதிப்பார்கள். சில வகைக் கட்டிகளுக்கு மருந்தை முதலில் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. அவசரமாகக் கட்டியை எடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். விளிம்பில் நோய் தங்கிவிட்டால் இரண்டாம் முறை மேசையில் படுக்க வேண்டியும் வரும். “கட்டியை எடுத்துவிட்டார்கள், இப்போது ரிப்போர்ட்டில் கேன்சர் என்று வந்திருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வரும் பெண்கள் நம் மாநிலத்தில் இன்னமும் குறையவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற நிலைமை இது.

நாத்தனாரின் பயம் பல வீடுகளில் உள்ள பயம்தான். ஊசி சென்ற வழியில் ஓரிரு செல்கள் இடம்பெயர்வது உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை அங்கே வேரூன்றி நோயைப் பரப்புவது மிக மிக அரிது. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் ஆயுள் அதனால் குறைவதும் இல்லை. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்களுக்குச் செய்து பார்த்த பிறகே, எல்லா நாடுகளின் நெறிமுறைகளும் ஊசி பயாப்ஸியை முதல் படியாக வைத்திருக்கின்றன. முன்பெல்லாம் நோய் முற்றிய நிலையில் ஊசி குத்தி, சில மாதங்களில் நோயாளி இறந்துபோனதைக் கண்டவர்கள், ஊசியால்தான் அப்படி ஆயிற்று என்று நினைத்துவிட்டார்கள்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது, மேமோகிராம் கருவியின் துணையோடு இடத்தைக் குறித்துக்கொண்டு திசு எடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி. முன்பே ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்து பார்ப்பார்கள். அதில் அந்த இடம் தெரிந்தால் ஸ்கேன் உதவியுடனேயே எடுத்துவிடலாம். ஆனால் புள்ளிகள் மட்டும் உள்ளபோது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. குப்புறப் படுக்கவோ உட்காரவோ வைத்து, மார்பகத்தை மேமோகிராமில் போலவே தட்டுகளுக்கிடையே அழுத்திப் பிடித்து, இரண்டு கோணங்களில் படமெடுத்து, கணினி குறித்துக் கொடுக்கும் ஆழத்துக்கு ஊசியைச் செலுத்துவார்கள். மரத்துப்போகும் ஊசியைப் போடும்போது சுள்ளென்று இருக்கும்; அதன்பின் அழுத்தம் தெரியும், வலி அவ்வளவாகத் தெரியாது. எடுத்த திசுத் துண்டுகளை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, வெண்புள்ளிகள் அவற்றில் வந்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பார்கள். இதைச் செய்தார்களா என்று நீங்கள் தயங்காமல் கேளுங்கள். புள்ளி வராத துண்டில் ‘நோய் இல்லை’ என்று வரும் முடிவுக்குப் பொருளில்லை. திசு எடுத்த இடத்தில் எள்ளளவு உலோக அடையாளம் ஒன்றை வைக்கவும் செய்வார்கள். அது உடம்புக்குத் தீங்கு செய்யாது. பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இடத்தைக் கண்டுபிடிக்க அதுவே வழிகாட்டி. பட்டினி இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் ஏதேனும் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம். கன்றிப்போய் நீலம் பாய்வது சில நாளில் மறையும்.

இந்தக் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. சென்னை, வேலூர், கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் விசாரியுங்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், பணம் இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை. உங்களுக்கு அருகில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காட்டி, எங்கே அனுப்புவார்கள் என்று கேட்கலாம். ஊசி பயாப்ஸிக்கு வழியே இல்லாத நிலையில், மெல்லிய கம்பியால் இடத்தைக் குறித்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதிலும் எடுத்த துண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

உங்கள் கணவரின் யோசனையில் அக்கறை இருக்கிறது. ஆனால் காத்திருந்து பார்ப்பது மூன்றாம் வகைக்குப் பொருந்தும், நான்காம் வகைக்குப் பொருந்தாது. ஓரிரு வாரம் விசாரித்து நல்ல இடத்தைத் தேடிக்கொள்வதால் எந்த நட்டமும் இல்லை. விடுமுறை வரட்டும், தேர்வு முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. என் மேமோகிராம் அறிக்கையில் ‘பைராட்ஸ் 0’ என்று போட்டு, மறுபடியும் வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்கள். கூப்பிடுகிறார்கள் என்றாலே ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தால் அதனாலேயே நோய் வந்துவிடாதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பூஜ்யம் என்றால், இந்தப் படங்களைக் கொண்டு முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படங்கள் வேண்டும் என்பதே பொருள். அமெரிக்காவில் முறைப்படி மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை இப்படித் திரும்ப அழைக்கிறார்கள். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கடைசியில் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. முதல் முறை எடுப்பவர்களை அதிகம் அழைப்பார்கள், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருக்காது. உங்கள் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பது இயல்பு. அந்த அடர்த்தியும் மேமோகிராமில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றன்மேல் ஒன்று படிந்த சாதாரணத் திசுவே கட்டி போலத் தோற்றம் காட்டிவிடும். அந்தப் பகுதியை மட்டும் சிறிய தட்டால் அழுத்தி எடுத்தால் பல நேரங்களில் அது பிரிந்து கலைந்துவிடும். கூடவே அல்ட்ராசவுண்டும் செய்வார்கள். நீர்க்கட்டியா, திடமான கட்டியா என்பது அதில் தெரிந்துவிடும்.

வேறெங்காவது முன்பு மேமோகிராம் எடுத்திருந்தால், ஃபிலிமையும் குறுந்தகட்டையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். எழுதப்பட்ட அறிக்கை மட்டும் போதாது, படம் வேண்டும். ஐந்து ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஒரு நிழல், படத்தை ஒப்பிட்டவுடனேயே கவலையிலிருந்து உங்களை விடுவித்துவிடும். அன்று காலை குளித்துவிட்டு மார்பிலும் அக்குளிலும் பவுடர், வாசனைத் தெளிப்பு எதுவும் போடாமல் செல்லுங்கள். முகப்பவுடரின் துகள் படத்தில் கால்சியம் புள்ளி போலவே விழும்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு முறை இரு மார்பகங்களுக்கும் மேமோகிராம் எடுக்கும்போது உடம்பில் படும் அளவு, நம்மைச் சுற்றியுள்ள இயற்கையிலிருந்து ஏறத்தாழ ஏழு வாரங்களில் நம்மீது படும் அளவுக்குச் சமம். தேவையான இரண்டு படங்களைத் தவிர்ப்பதற்கு அது காரணமாகாது. அழைத்த தேதியில் போய்விடுங்கள்.

கேள்வி: நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 66 வயது. புதுக்கோட்டை அருகே கிராமத்தில் அப்பாவுடன் இருக்கிறார். வலது மார்பில் கட்டி தெரிந்து மேமோகிராம் எடுத்ததில், 3 செ.மீ. அளவில் ஓரங்கள் முள்முள்ளாக நீண்ட கட்டி என்றும், அக்குளில் நெறி கட்டியிருப்பதாகவும், பைராட்ஸ் 5 என்றும் வந்திருக்கிறது. தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை, சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். கல்யாணம் முடியும்வரை நாட்டு மருந்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கலாம், பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் சொல்கிறார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
– வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, காத்திருக்காதீர்கள். ஐந்தாம் வகை என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல். அக்குளிலும் நெறி தெரிகிற நிலையில், மூன்று மாதம் என்பது நோய் அடுத்த படிக்குப் போவதற்குப் போதுமான காலம். அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சை தாமதமாகிறவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருப்பதை ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. பற்றுப் போடுவதும் ஒத்தடம் கொடுப்பதும் கட்டியைக் கரைக்காது. தோல் புண்ணாகிவிட்டால் சிகிச்சை மேலும் கடினமாகும்.

ஆனால் கல்யாணமா, சிகிச்சையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் உதவியுடன் கட்டியிலிருந்து தடித்த ஊசியால் திசு எடுக்கலாம். அக்குள் நெறியிலும் மெல்லிய ஊசியால் சோதிக்கலாம். அரை மணி நேர வேலை. திசு முடிவும், கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் காட்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்2 ஆகியவற்றின் முடிவும் சேர்ந்து வர ஒன்றிரண்டு வாரமாகும். அந்த முடிவுகளை வைத்துத்தான் அறுவை சிகிச்சையா, கீமோவா, எது முதலில் என்று தீர்மானிப்பார்கள். கீமோ என்றால் பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒருமுறை. முகூர்த்த நாளை முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த நாளில் அம்மா ஓரளவு தெம்பாக இருக்கும்படி தேதிகளைக் குறிக்க மருத்துவர்கள் முயல்வார்கள். அறுவை சிகிச்சை என்றாலும் மூன்று நான்கு வாரங்களில் நடமாடி, மணையில் அமர்ந்து தாரை வார்த்துக்கொடுக்கும் அளவுக்குப் பலர் தேறிவிடுகிறார்கள். ஏற்பிகள் இருக்கும் வகையாக இருந்தால், அவர் வயதில் உள்ள சிலருக்கு மாத்திரையைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்குவதும் உண்டு. எந்த வழி அம்மாவுக்கு என்பது திசு முடிவு வந்தால்தான் தெரியும். அதனால்தான் ஊசியை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது, அம்மாவிடம் சொல்வது. மறைப்பது அன்பினால்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு அவருடையது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து தெரிந்துகொள்வதைவிட உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லதல்லவா? இப்படிப்பட்ட தாய்மார்கள் பலரிடம் தனியே பேசியிருக்கிறேன். கட்டி இருப்பது பல மாதங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் கல்யாணச் செலவோடு தன் செலவும் சேர்ந்துவிடக் கூடாது என்று வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள். வீட்டில் எல்லாரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டிருக்க, நோய் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை. “அம்மா, படத்தில் தெரிகிற கட்டி சாதாரணமானதாகத் தோன்றவில்லை, என்னவென்று பார்க்க ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவு வந்ததும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்” என்று தொலைபேசியிலாவது நீங்களே பேசுங்கள். இது முழு உண்மை. இன்றைக்கு இவ்வளவு போதும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், மருத்துவரைப் பார்க்கும்போது யார் உடனிருக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். தங்கைக்கும் தெரியட்டும், தாயின் நோயைப் பின்னால் அறிந்து, தன் கல்யாணத்துக்காகவா தள்ளிப்போட்டீர்கள் என்று அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் வருந்த நேரக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, உங்கள் பெற்றோரின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை கிடைக்கும். சிகிச்சையைத் தொடங்கும் முன்பே அட்டை கையில் இருப்பது நல்லது.

கேள்வி: என் மனைவிக்கு 39 வயது. அவருக்கு பைராட்ஸ் 3, ஃபைப்ரோ அடினோமாவாக (புற்றுநோய் அல்லாத ஒரு வகைக் கட்டி) இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வரவும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவேளை புற்றுநோயாக இருந்தால் ஆறு மாதத்தில் முற்றிவிடாதா? இப்போதே எடுத்துவிடச் சொல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மூன்றாம் வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அந்த மிகச் சிலருக்கும், ஆறு மாத இடைவெளியில் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்குவதால் பலன் குறைவதில்லை என்று அறிந்த பிறகே இந்த முறையை வகுத்திருக்கிறார்கள். எனவே ஆறாம் மாதத்தில் ஒரு முறை, பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு முறை, இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு முறை பார்த்து, மாற்றமில்லை என்றால் அதைத் தீங்கற்றது என்று முடிவு செய்துவிடலாம். இடையில் வளர்ந்தாலோ வடிவம் மாறினாலோ அப்போது ஊசி பயாப்ஸி செய்ய வேண்டும்.

சிலருக்கு மட்டும் இப்போதே திசு எடுத்துப் பார்த்துவிடுவது பொருத்தமாக இருக்கும். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால், விரைவில் கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால், வேறு நாட்டுக்குப் போவது போன்ற காரணத்தால் குறித்த காலத்தில் வர முடியாதென்றால், அல்லது ஆறு மாதம் தூக்கமில்லாமல் கழியும் அளவுக்குப் பதற்றம் இருந்தால், அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதற்றமும் ஒரு நியாயமான காரணமே. அப்போதும் ஊசிதான், கட்டியை எடுப்பதன்று. ஆறு மாதம் கழித்துப் போகும்போது, முடிந்தவரை அதே நிலையத்துக்குப் பழைய படங்களுடன் செல்லுங்கள். நம்மிடம் பெரிய குறை, வந்த நோயை அசட்டை செய்வதைவிட, ‘ஒன்றுமில்லை போலிருக்கிறது’ என்று இந்த ஆறாம் மாதச் சந்திப்பை மறந்துபோவதுதான். இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 51 வயது. மேமோகிராமில் 4சி என்று வந்து, மெல்லிய ஊசியால் எஃப்.என்.ஏ.சி. செய்தார்கள். ‘புற்றுநோய்ச் செல்கள் இல்லை, அழற்சி மட்டுமே’ என்று வந்தது. வீட்டில் எல்லாரும் சாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டோம். இப்போது மருத்துவர் மறுபடியும் தடித்த ஊசியால் பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார். நல்ல முடிவு வந்த பிறகும் ஏன்? பணத்துக்காகச் சொல்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் மருத்துவர் சொல்வது சரி. கையால் பரிசோதித்தது, படத்தில் தெரிந்தது, திசுவில் வந்தது ஆகிய மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும். உங்கள் படம் 50 விழுக்காட்டுக்கு மேல் சந்தேகப்படச் சொல்கிறது. ஊசியோ ஒன்றுமில்லை என்கிறது. இப்படி முரண்படும்போது, ஊசி சரியான இடத்தில் பட்டதா என்ற கேள்வி எழுவது நியாயம். மெல்லிய ஊசியில் வருவது உதிரிச் செல்கள் மட்டுமே. தடித்த ஊசியில் திசுவே துண்டாக வருவதால், செல்கள் எந்த அமைப்பில் இருக்கின்றன, நாளத்தைத் தாண்டிப் பரவியிருக்கின்றனவா என்பதெல்லாம் தெரியும். நோய் என்று உறுதியானால் ஏற்பிகளைச் சோதிக்கவும் அந்தத் துண்டே உதவும்.

உண்மையிலேயே அது அழற்சியாகவும் இருக்கலாம். மார்பகக் காசநோயும், கிரானுலோமா வகை அழற்சியும் நம் நாட்டில் அரியவை அல்ல. படத்தில் அச்சு அசலாகப் புற்றுநோய் போலவே தோன்றக்கூடியவை. அப்படி இருந்தால் அதற்கான மருந்து தனி. அதை உறுதி செய்யவும் இதே திசுத் துண்டுதான் வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், எஃப்.என்.ஏ.சி. செய்த ஆய்வகத்திலிருந்து கண்ணாடித் தகடுகளையும், மேமோகிராம் படங்களையும் வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவமனையில் காட்டுங்கள். அவற்றைக் கேட்டு வாங்கிச் சென்று காட்டுவதில் தவறேதும் இல்லை. நல்ல மருத்துவர் எவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த முறை பயாப்ஸி செய்யும்போது, திசுவை எடுத்தவுடனே ஃபார்மலினில் போட்டு, முழு விவரங்களும் எழுதிய சீட்டுடனும் மேமோகிராம் அறிக்கையின் நகலுடனும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், “இது என் படத்தோடு பொருந்துகிறதா?” என்ற கேள்வியை நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். பொருந்துகிறது என்று அவர் சொன்னால், அடுத்த பரிசோதனை எப்போது என்ற தேதியையும் கையோடு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.